அந்த நாளும் நம் நாளும்

இறந்தாரை நினைந்து இரங்குதல் மக்கட் பண்பு. ஆனால், இரங்கும் முறையிலேதான் ஒரு சமூகத்தின் அறிவுநிலை வெளியாகின்றது. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 2001-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அன்று தொட்டு ஆண்டுதோறும் அந்நாள் வருங்கால் அவர் படத்துக்கு மாலை சூட்டிக் கற்பூரங் கொளுத்துவோர் உளர். அவர் பேசிய வசனங்களை ஒப்புவித்துக் கண்ணீர் சொரிவோரும் உளர். அன்பினாற் செய்வதை இகழ நாம் வந்தோமில்லை. ஆயினும், கலைஞன் ஒருவனுக்கு நாம் செலுத்தத்தக்க மெய்யான மரியாதை வேறொன்று உண்டு. அவன் விட்டுச் சென்ற வேலையைத் திறந்த கண்ணுடன் மறுபடியும் பார்ப்பதும், பார்த்துக் கற்பதும், கற்றதை நம் வாழ்வோடு ஒத்திட்டு நோக்குவதுமே அம்மரியாதையாம்.

அவ்வெண்ணத்துடன், சென்ற நினைவு நாளன்று ரவாங்கில் அண்டை வீட்டார் சிலருடன் கூடி அமர்ந்து, ‘அந்த நாள்’ என்னும் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியில் மீண்டும் கண்டோம். முதியவர் சிலர் அதனை நான்காம் முறையாகவும் ஐந்தாம் முறையாகவும் பார்த்தவர்கள். இளைஞர் சிலர் அதன் பெயரையும் அறியாதவர்கள். படம் முடிந்தபின் எழுந்த பேச்சு நள்ளிரவு வரை நீண்டது. அப்பேச்சின் பயனே இக்கட்டுரை.

பாட்டில்லாப் படம்

‘அந்த நாள்’ 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டையொட்டி வெளிவந்தது. எடுத்தவர் ஏ. வி. மெய்யப்பர். இயக்கியவர் எஸ். பாலசந்தர். வீணை வித்துவானாகப் பின்னாளில் உலகெங்கும் புகழ்பெற்ற அதே பாலசந்தர்தாம். அப்போது அவருக்கு வயது 27. உரையாடல் எழுதியவர் ஜாவர் சீதாராமன். படத்தில் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே.

அக்காலத்துத் தமிழ்ப் படங்களின் நிலையை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ப் பேசும் படம் பிறந்த நாள் முதல், பாட்டே படம் என்னும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அரசன் போருக்குப் புறப்பட்டாலும் பாட்டு. குழந்தை இறந்தாலும் பாட்டு. கடவுள் தோன்றினால் கேட்கவே வேண்டுவதில்லை. கதையை நிறுத்திவிட்டு இடையிடையே ஆடல் ஒன்றை நுழைப்பதும் வழக்கம். இந்நிலையில், ஒரு பாட்டும் ஒரு நடனமும் இல்லாமல், முதலிலிருந்து முடிவு வரை வசனத்தாலும் ஒளியாலும் நிழலாலுமே ஒரு குற்றக் கதையை நடத்திச் சென்ற முதல் தமிழ்ப் படம் ‘அந்த நாள்’. வீணையே உயிராகக் கொண்ட ஒருவர்தாம் பாட்டில்லாப் படம் எடுக்கத் துணிந்தார் என்பது வியப்பே. இசை எங்கே வேண்டும் என்பதை அறிந்தவனுக்கே அஃது எங்கே வேண்டா என்பதும் தெரியும் போலும்.

துணிவுக்குக் கிடைத்த கூலி யாது? படம் வெளிவந்தபோது அறிஞர் பாராட்டினர், பத்திரிகைகள் புகழ்ந்தன, வசூலோ பெரிதாக இல்லை. பாட்டும் கூத்தும் எதிர்பார்த்து வந்தவர்க்கு ஏமாற்றம். எனினும், 1954-ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில், தமிழின் இரண்டாவது சிறந்த படத்துக்குரிய நற்சான்றிதழ் அதற்குக் கிடைத்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அன்று ஒதுக்கப்பட்ட படமே மக்கள் மீண்டும் மீண்டும் தேடிப் பார்க்கும் படமாயிற்று. சீர்திருத்தக் கருத்துகளின் கதியும் பெரும்பாலும் இதுதான்.

முதற் காட்சியிலேயே மரணம்

படம் தொடங்கியவுடன் ஒரு வெடியோசை கேட்கிறது. கதாநாயகன் தள்ளாடி விழுந்து சாகிறான். தலைமை நடிகரைப் பார்க்கவென்று காசு கொடுத்து உள்ளே வந்து அமர்ந்தவன், நாற்காலியில் நன்றாகச் சாய்வதற்குள் அவர் பிணமாகி விடுகிறார். இனி எஞ்சியதெல்லாம் இறந்தவனைப் பற்றிப் பிறர் சொல்லும் சொற்களே.

இறந்தவன் பெயர் ராஜன். வானொலிப் பொறியியலில் வல்லவன். காலம், 1943 அக்டோபர். சென்னைமேல் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய சமயம். அண்டை வீட்டுச் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்புடைய அம்புஜம், மனைவி உஷா ஆகிய ஐவரும் ஐயத்துக்கு உரியவர்களாக நிற்கின்றனர். சிவானந்தம் ஒவ்வொருவரையும் வினவுகிறார். ஒருவர் மற்றொருவரைச் சுட்டுகின்றார். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் ராஜன் வேறு முகத்தோடு எழுந்து நடமாடுகிறான். தம்பியின் வாயில் அவன் கல்நெஞ்சன். காதற்கிழத்தியின் வாயில் இனியவன். மனைவியின் நினைவில் அறிவொளி வீசும் மாணவன், பிறகு வேறொருவன்.

இம்முறையைப் பாலசந்தர் கற்றது ஜப்பானியரான அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ என்னும் படத்திலிருந்து. 1950-இல் வெளிவந்து, 1951-இல் வெனிஸ் திரைப்பட விழாவின் முதற் பரிசைப் பெற்றது அது. ஜப்பானியக் குண்டைப் பற்றிய ஒரு தமிழ்க் கதைக்கு, ஜப்பானியக் கலைஞன் ஒருவனே ஆசானானான். ஒரு நாட்டின் படை வேறு, அதன் கலை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? எனினும், குரோசாவாவின் படத்தில் உண்மை இறுதிவரை ஒளிந்து நிற்கிறது. பாலசந்தரின் படத்தில் ஆராய்ச்சியினால் உண்மை அகப்படுகிறது. பகுத்தறிவு முயன்றால் உண்மை கிட்டும் என்னும் நம்பிக்கை நம்மவர் படத்தில் உள்ளது. அந்நம்பிக்கையை நாம் குறையாகக் கருதவில்லை.

முதன்முறை பார்ப்பவர்க்குக் கொலைகாரர் யார் என்பதே கேள்வி. விடை தெரிந்தபின் மறுமுறை பார்ப்பவர்க்கு வேறு பல கேள்விகள் எழுகின்றன. உஷாவாக நடித்த பண்டரிபாயின் கண்ணீர், முதன்முறை கைம்பெண்ணின் கண்ணீராகத் தோன்றியது. மறுமுறை பார்க்கையில், அதே கண்ணீருக்குள் அச்சம், அன்பு, கடமை மூன்றும் கலந்திருத்தல் தெரிகின்றது. ராஜனின் பேச்சில் முதன்முறை நாம் கேட்டது அறிவின் மிடுக்கு. மறுமுறை அந்த மிடுக்கினடியில் ஊறும் கசப்பையும் கேட்கிறோம். ஒரு படத்தை மீண்டும் பார்ப்பது வீண் பொழுதுபோக்கு என்பார்க்கு இதுவே நம் விடை.

கணவனும் நியாயமும்

ராஜன் செய்த குற்றம் யாது? தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற மனக்கசப்பினால், அரசாங்க இரகசியங்களைப் பகைவனாகிய ஜப்பானியனுக்கு விலைபேசத் துணிந்தான். அவன் உயிரைப் போக்கியது யார்? அவனைக் காதலித்து மணந்த உஷாவின் கையிலிருந்த துப்பாக்கிதான்.

கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன் என்று பாட்டி பேத்திக்கு ஓதி வந்த சமூகத்தில் இந்த முடிவு எத்தகைய அதிர்ச்சியை உண்டாக்கியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கணவன் குடித்துவிட்டு வந்து அடித்தாலும், வாரச் சம்பளத்தைக் கள்ளுக்கடையில் விட்டுவிட்டு வந்தாலும், வாய்திறவாமல் இருப்பவளே பத்தினி என்று தோட்டத்து லயங்களில் எத்தனை தலைமுறை சொல்லி வந்தோம்! அக்காலத்துப் புராணப் படங்களும் அதனையே பாடின. உஷாவோ, கணவனிடம் கெஞ்சுகிறாள், வாதிடுகிறாள், தன்னால் இயன்றமட்டும் தடுக்கிறாள், இறுதியில் அவன் பக்கம் நிற்க மறுக்கிறாள். கொலையை யாம் போற்றுகின்றோம் என்று யாரும் பிழைபடக் கொள்ளற்க. அவள் செயலைச் சட்டம் ஆராயட்டும். நாம் போற்றுவது, கணவன் செய்யும் தீமைக்கு மனைவி உடந்தையாக இருக்க வேண்டுவதில்லை என்று அப்படம் வெளிப்படையாகச் சொன்னதையே. 1954-இல் அதனைச் சொல்லத் துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்குப் பாதி உரிமை, கொல்லப்படும் கணவனாக நடிக்க இசைந்தவருக்கும் உண்டு.

நடிகரின் பங்கு

அவர்தாம் கணேசன். விழுப்புரத்தில் 1928-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பிறந்தவர். இளமையிலேயே நாடகக் கம்பெனியிற் சேர்ந்து பெண் வேடமும் ஆண் வேடமும் தாங்கி வளர்ந்தவர். அண்ணாதுரை எழுதிய மராட்டிய மன்னன் சிவாஜியைப் பற்றிய நாடகத்தில் அவர் நடித்ததைக் கண்டு, ‘சிவாஜி’ என்னும் பெயரை அவருக்குச் சூட்டியவர் தந்தை பெரியார். 1929-30-இலும் மறுபடி 1954-இன் இறுதியிலும் இந்நாட்டுக்கு வந்து, சாதியையும் குடியையும் மூடப் பழக்கத்தையும் விட்டொழிக்குமாறு நம் தோட்டத்து மக்களிடம் பேசிய அதே பெரியார்தாம். கணேசனின் பிற்காலக் கொள்கைப் போக்கும் அரசியலும் வேறு வழியிற் சென்றன. எனினும், அவர் பெயரின் முற்பாதி சீர்திருத்த மேடை தந்தது என்பது வரலாறு.

1952 அக்டோபர் 17-இல் ‘பராசக்தி’ வெளிவந்து, ஒரே நாளில் அவர் தமிழரின் நாயகரானார். ‘அந்த நாள்’ வந்தது அதற்கு ஒன்றரை ஆண்டுக்குப் பின். மெய்யப்பர் முதலில் வேறொருவரைக் கொண்டு இப்படத்தை எடுக்கத் தொடங்கி, அது மனநிறைவு தராமையால் கணேசனை அழைத்தார். புகழின் வாசலில் நிற்கும் 25 வயது இளைஞர், மக்கள் தம்மை வெறுக்கும்படியான வேடத்தை ஏற்கலாமா என்று தயங்கியிருக்கலாம். அவர் தயங்கவில்லை. முதற் காட்சியில் சாக வேண்டும்; பாட்டு இல்லை; வாட்போர் இல்லை; நாட்டுத் துரோகி என்னும் பழியும் உண்டு. அத்தனையும் ஏற்றார். ‘திரும்பிப் பார்’, ‘கூண்டுக்கிளி’ போன்ற படங்களிலும் அவர் அக்காலத்தில் தீயவனாக நடிக்க அஞ்சினாரல்லர்.

பின்னர் அவர் பெற்ற சிறப்புகள் பல. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக 1960-இல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு, 1966-இல் பத்மஸ்ரீ, 1984-இல் பத்மபூஷண், 1995-இல் பிரெஞ்சு அரசாங்கத்தின் செவாலியர் விருது, அதன்பின் தாதா சாகேப் பால்கே விருது. இவற்றையெல்லாம் நம் இளைஞர் மனப்பாடமாகச் சொல்வர். ஆனால், விருதுப் பட்டியலினும் பெரிது, வெறுக்கத்தக்கவனையும் மனிதனாகக் காட்டிய அவர் திறன். ராஜனை அவர் கோரைப்பல் அரக்கனாக ஆக்கவில்லை. படித்தவன், அழகன், சொல்வல்லான், உள்ளத்திற் புண்பட்டவன். அத்தகையவனே விலைபோனான் என்று காட்டினார். அதனால்தான் அவன் சாவு நமக்கு வலிக்கிறது. அரக்கன் கெடுவதைக் கண்டு நாம் ஒன்றும் கற்பதில்லை. நம்மைப் போன்றவன் கெடுவதைக் காணும்போதே நெஞ்சு தன்னைத்தான் கேட்கிறது.

அதே அக்டோபர், நம் மண்ணில்

இதுவரை சொன்னது படத்தின் வரலாறு. படம் முடிந்தபின், எங்களோடிருந்த இளைஞர் ஒருவர் கேட்டார்: “சென்னையில் குண்டு விழுந்த அந்த நாளில் நம் நாட்டில் என்ன நடந்தது, ஐயா?” அக்கேள்வி எங்களை வேறொரு வரலாற்றுக்குக் கொண்டு சென்றது.

சென்னையார்க்கு ஜப்பானியன் வானத்தில் ஒரு நாள் வந்து போனவன். 1942 ஏப்ரலில் அவன் வருவானென அஞ்சி நகரமே காலியாயிற்று, 1943 அக்டோபர் 11-ஆம் நாளையொட்டி வந்த விமானம் சில குண்டுகளை வீசிச் சென்றது, சேதம் பெரிதன்று. நமக்கோ அவன் வீட்டுக்குள் வந்து அமர்ந்தவன். 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கி, 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூரைப் பிடித்து, பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரையும் கொண்டான். ஆகையால், படம் குறிக்கும் அதே அக்டோபர்த் திங்களில் நம் பக்கத்தில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

அக்டோபர் 10. சிங்கப்பூர்ச் சாங்கி சிறையிற் காவலில் இருந்த ஐரோப்பியர்மீது ஜப்பானிய இராணுவப் போலீசார் பாய்ந்தனர். செப்டம்பர் இறுதியில் துறைமுகத்துக் கப்பல்களை யாரோ வெடிவைத்துத் தகர்த்தனர். அதற்குச் சிறைக்குள்ளிருந்து வானொலி வழியே துப்புச் சொன்னவர் உளர் என்பது அவர்களின் ஐயம். 57 பேர் பிடிக்கப்பட்டனர். சித்திரவதையில் 15 பேர் மாண்டனர். அவர்கள் அக்குற்றத்தைச் செய்தவரல்லர். கப்பல்களைத் தகர்த்தது வெளியிலிருந்து வந்த நேச நாட்டுப் படையினர் சிலர். சிவானந்தம் கேள்வி கேட்டு உண்மையைக் கண்டார். இராணுவப் போலீசாரோ அடித்துக் கேட்டுப் பொய்யையே பெற்றனர். அந்நாளில் நம் நாட்டில் சிற்றலை வானொலி கேட்பதே குற்றம். ராஜன் கையிலிருந்த கருவி, இங்கே ஒரு மனிதனின் தலையை வாங்கப் போதுமானது.

அக்டோபர் 17. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் இருப்புப்பாதையின் இரு முனைகளும் அன்று ஒன்று கூடின. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை மலைகளையும் காடுகளையும் ஊடறுத்து அமைத்தவர்கள், அறுபதினாயிரம் போர்க் கைதிகளும், அவரினும் மிகப் பலராகிய ஆசியத் தொழிலாளர்களும். அவ்வாசியரில் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பின்னர் வலிந்து பிடித்தும், லயங்களிலிருந்து அவர்களை இரயிலேற்றினர். பேதியாலும் முறைக்காய்ச்சலாலும் பசியாலும் மடிந்தவர் பல்லாயிரவர். போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாக நிற்கின்றன. நம்மவருட் பெரும்பாலோர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

அக்டோபர் 21. சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். அவ்வாண்டு ஜூலையில் வந்திறங்கி, இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றிருந்தார். ஜான்சி ராணி படை என்னும் பெண்கள் படையும் எழுந்தது. கோலாலம்பூரில் அவர் சொற்பொழிவைக் கேட்ட ஜானகி தேவர் என்னும் தமிழ் நங்கை, தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு தம்மையே கொடுத்தார். வசதியான குடும்பத்துப் பெண், தந்தையின் தயக்கத்தையும் வென்று படையிற் சேர்ந்து, அதன் தலைவியருள் ஒருவரானார். அப்போது அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. தோட்டத்திற் பால்மரம் வெட்டிய பெண்கள் பலரும் அப்படையில் துப்பாக்கி ஏந்தினர். ஜானகி ஆதி நாகப்பன் என்னும் பெயருடன் இந்நாட்டுப் பொதுவாழ்விற் சிறந்து விளங்கிய அவர், 2014-இல் மறைந்தார்.

தீர்ப்பு எது?

இப்போது நேயர்கள் இடர்ப்பாட்டை உணர்வீர்கள். ‘அந்த நாள்’ சொல்வது, ஜப்பானியனோடு சேர்ந்தவன் துரோகி என்பது. அதே திங்களில், நம் ஊர்ப் பெண்கள் ஜப்பானியனின் துணையோடு எழுந்த படையிற் சேர்ந்து, விடுதலைக்காக வீட்டை விட்டனர். அதே திங்களில், அதே ஜப்பானியனின் இருப்புப்பாதையில் நம் பெற்றோரும் பாட்டன்மாரும் செத்து விழுந்தனர். சென்னையில் உஷாவின் துப்பாக்கி, சயாமில் கூலியின் மண்வெட்டி, கோலாலம்பூரில் ஜானகியின் காதணி. மூன்றும் ஒரே அக்டோபர். யார் வீரர், யார் துரோகி என்று எதனைக் கொண்டு அளப்பது?

எந்தப் பக்கம் நின்றான் என்பதை மட்டும் கொண்டு அளந்தால் தீர்ப்புத் தவறும் என்பது நம் கருத்து. வேறோர் அளவுகோல் உண்டு: விலை பெற்றவர் யார், விலை கொடுத்தவர் யார்? ராஜன் தன் அறிவுக்கு விலை பெற விரும்பினான். அதன் கேட்டைப் பிறர் தலையிற் சுமத்தினான். யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. அவன் இரகசியத்தில் தொடங்கி இரகசியத்தில் முடிந்தான். ஜானகியோ எதையும் பெறவில்லை, தம்முடையதைக் கொடுத்தார், பலர் அறியக் கொடுத்தார். அவர் சேர்ந்த படையின் கூட்டு சரியா தவறா என்று வரலாற்றறிஞர் வாதிடலாம். அவர் நெஞ்சம் விலைபோனதன்று என்பதில் வாதமில்லை. மூன்றாமவனாகிய தோட்டத் தொழிலாளியையோ யாரும் எந்தப் பக்கம் என்று கேட்கவே இல்லை. வெள்ளைத் துரை ஓடியபோதும் அவனைக் கேட்கவில்லை; ஜப்பானியன் ஏற்றியபோதும் கேட்கவில்லை. பெரிய வார்த்தைகளை எல்லாம் பிறர் பேசினர். உயிரை அவன் கொடுத்தான்.

இவ்வளவுகோல் அறிவியலுக்கும் பொருந்தும். நம் ரவாங்கில் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் 1894-இலேயே ஈயச் சுரங்கத்துக்கு மின்விசை இயந்திரம் கொணர்ந்தனர். மலாயாவில் மின்சாரம் முதன்முதல் வேலை செய்த இடம் இவ்வூர் என்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால், சுரங்கத்து நீரை இறைக்க மின்சாரம் வந்து பல பத்தாண்டுகள் கழிந்தும், சுற்றிலுமிருந்த லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. கருவி நல்லதோ தீயதோ என்பது கருவியில் இல்லை. அஃது யார் வீட்டுக்கு ஒளி தருகிறது, யார் வீட்டை இருளில் விடுகிறது என்பதில் இருக்கிறது. ராஜனின் அறிவு யாருக்கு விளக்கானது? அக்கேள்விக்கு விடையில்லாமையே அவன் வீழ்ச்சி.

நடிகரைப் பற்றிய சாட்சியமும்

மறைந்த நடிகரைப் பற்றியும் இப்படித்தான் நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாக்குமூலம் தருகிறோம். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டி, பாய் விரித்து அமர்ந்து படம் பார்த்த தலைமுறைக்கு அவர் கட்டபொம்மன். 1963 டிசம்பர் 28-இல் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியபின், பெட்டி வைத்திருந்த வீட்டுச் சன்னலில் முகம் வைத்துப் பார்த்த தலைமுறைக்கு அவர் அழவைத்த அண்ணன். இன்றைய இளைஞருக்கு அவர் கேலி செய்யத்தக்க மிகை நடிப்பு. ஐந்து சாட்சிகள், ஐந்து கணேசன்கள். ஒவ்வொரு சாட்சியும் அவரைச் சொல்வதாக எண்ணித் தன்னையே சொல்கிறான்.

மிகை நடிப்பென்று நகைக்கும் இளைஞர்கட்கு ஒன்று சொல்வோம். ‘அந்த நாளை’ப் பாருங்கள். அங்கே அவர் குரலை உயர்த்த வேண்டிய இடம் சிலவே. ஒரு புன்னகையை உதட்டில் நிறுத்திவிட்டுக் கண்ணில் மறைக்கிறார்; அதில் முழுக் கயமையும் தெரிகிறது. அவரைத் தெய்வமாக்கித் தொழுவார்க்கும் ஒன்று சொல்வோம். தெய்வமாக்கியபின் அவர் வேலையை யாரும் ஆராய்வதில்லை. ஆராயாத வேலை மெல்ல மறக்கப்படும். இயக்குநர் பாலசந்தரும் இன்றில்லை. அவர் 1990-ஆம் ஆண்டு, தம் படம் வெளிவந்த அதே ஏப்ரல் 13-ஆம் நாள் மறைந்தார். பண்டரிபாய் 2003-இல் சென்றார். படத்திற் கண்ட முகங்கள் மறைந்தன; வேலை மட்டும் எஞ்சியிருக்கிறது.

நம் கடமை

ஒரு குறையைச் சொல்லி முடிப்போம். சென்னைக்கு ஒரு ‘அந்த நாள்’ உண்டு. நம் அக்டோபருக்கு யார் சிவானந்தமாக வந்து கேள்வி கேட்டார்? 1943-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். சயாம் மரண இரயிலுக்குச் சென்ற தந்தையை வாசலில் நின்று பார்த்தவர், ஜான்சி ராணி படைக்குச் சென்ற அக்காளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவர், ஜப்பானியனுக்குத் துப்புச் சொன்ன அண்டை வீட்டானை அறிந்தவர், இன்னும் சிலர் நம்மிடையே இருக்கக்கூடும். லயங்கள் இடிந்து, தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. முதியவர்கள் அடுக்குமாடி வீடுகளின் ஒரு மூலையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் வாய்திறவாமலே போய்விட்டால், வழக்குத் தீர்ப்பின்றி மூடப்படும். குற்றவாளி யார், உயிர் கொடுத்தவர் யார் என்பது என்றும் தெரியாது.

ஆகவே, படிப்பகங்களையும் இளைஞர் மன்றங்களையும் நடத்தும் அன்பர்களே, அடுத்த ஜூலை 21-இல் கற்பூரத்துக்குச் செலவிடும் வெள்ளியை ஒரு குறிப்பேட்டுக்குச் செலவிடுங்கள். ‘அந்த நாளை’ ஊர்கூடிப் பாருங்கள். பார்த்து முடிந்ததும், உங்கள் ஊரிலுள்ள மிக மூத்தவர் அருகே சென்று அமருங்கள். அவர் இருந்த தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள்; கங்காணி யார், எந்த மாதம் யாரை ஏற்றினார்கள், யார் திரும்பினார்கள் என்று கேளுங்கள். ஒருவர் சொன்னதோடு நின்றுவிடாதீர். படம் கற்பித்தபடி ஐவரைக் கேளுங்கள். ஒருவர் சொல் மற்றொருவர் சொல்லோடு முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். நாளையும் ஊரையும் விடாமல் குறியுங்கள்.

எங்கள் கூட்டத்தில் அன்றே அது தொடங்கியது. படம் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், இறுதிக் காட்சியில் உஷா அழுதபோது, தம் தாயும் அப்படித்தான் ஓசையின்றி அழுவார் என்றார். ஏன் அழுதார் என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்பா சயாமுக்குப் போனார்” என்று தொடங்கினார். எங்களுள் ஒருவர் எழுந்து சென்று தாளும் பேனாவும் கொண்டு வந்தார்.